ரைட் கொடுத்த கை

மாலை ஆறு மணி. மலைப்பாதை. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது... கீழே சமவெளியில் ஆறு மணி என்றால் பிள்ளைகள் இன்னும் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். மேலே அப்படியில்லை. ஆறு மணிக்கே கும்மிருட்டு. எதிரே நீட்டிய சொந்தக் கையே தெரியாது.

இருங்கள், முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். ஹீட்டரை நடுவில் வையுங்கள், எல்லோருக்கும் கொஞ்சம் படட்டும். நாளைக் காலையில் முதல் வண்டி எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் இப்போதே பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம். அப்புறம் தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது. யாரும் எழுந்திருக்கவில்லையா? சரி. உங்கள் தலையெழுத்து.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு எங்கேயாவது வெயில் அடிக்கிற ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பேன். இந்த டிப்போவுக்கு வருவதற்கு முன்னால் என்னோடு ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒருவர் இருந்தார். அவருடைய அண்ணனுக்கு நடந்தது. டிரைவர் அவர்களை அண்ணன், அண்ணி என்றேதான் சொன்னார். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனும் நம்ம ஆள்தான். கண்டக்டர். கண்டக்டரின் கை எப்படிப் பழகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ரைட், போகலாம். மூளையைக் கேட்டுக்கொண்டா கை தட்டுகிறது? அதுபாட்டுக்குத் தட்டும். சாப்பிட்டு முடித்ததும் நான் மேசையை இரண்டு தட்டு தட்டுகிறேன் என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.

அண்ணியின் பிறந்த வீடு மலைக்கு அந்தப் பக்கம். அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணனும் அண்ணியும் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே பெண், பாப்பா, நாலு வயது. குளிர் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் அண்ணனின் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். போன மறுநாளே தங்கையிடமிருந்து போன்.

"அண்ணி, பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. டாக்டர் ஊசி போட்டிருக்காரு. ஆனா உங்களக் கேட்டு அழுதுட்டே இருக்கா, கண்ண மூட மாட்டேங்குறா."

அவ்வளவுதான். அண்ணி வாயில் வைத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கைக்குக் கிடைத்த துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு, இருந்த பஸ்ஸில் ஏறினார்கள். மலை உச்சி வரைக்கும் பஸ் ஒழுங்காக வந்தது. உச்சியில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய் ரோட்டைப் பார்த்தார். திரும்பி வந்து தலையை ஆட்டினார்.

"கண்டக்டரே, உனக்கே தெரியும். இதுக்கு மேல இறக்கினா பஸ்ஸும் பள்ளத்துல, நாமளும் பள்ளத்துல. வந்த வழியே திரும்பிடலாம். காலைல பாத்துக்கலாம்."

அண்ணனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அண்ணி பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டார்.

"நீங்க வேணா திரும்பிப் போங்க. நான் நடந்தாவது எம்புள்ளகிட்ட போறேன்."

அப்புறம் அண்ணன் என்ன செய்வார்? அவரும் இறங்கினார். பஸ் முன்னும் பின்னுமாக உறுமித் திரும்பியது. அதன் பின்விளக்கு வளைவில் போய் மறைந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை... பனி விழுகிற ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது காதை அடைத்துவிட்ட மாதிரி ஒரு அமைதி. தன் மூச்சு மூக்குக்குள் போய்வருகிற சத்தம் தனக்கே கேட்கும்.

ரோட்டோரத்தில் ஒரு கிலோமீட்டர் கல். அதன் மேல் பையை வைத்துவிட்டு இரண்டு பேரும் வண்டிக்குக் கை காட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கார். உள்ளே ஒரு குடும்பம். வேகம் குறைந்தது, கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து முகங்கள் பார்த்தன, வேகம் கூடிவிட்டது. அடுத்து ஒரு ஜீப். அது குறையக்கூட இல்லை, சேற்றுப்பனியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அண்ணன் ஒரு யோசனை செய்தார். மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அண்ணிக்குக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வரலாம் என்று உள்ளே போட்டிருந்த கண்டக்டர் யூனிஃபார்ம் தெரிகிற மாதிரி நின்றார். ரோட்டில் பிழைக்கிறவன் ரோட்டில் பிழைக்கிறவனுக்கு நிறுத்துவான் என்று ஒரு நம்பிக்கை.

என்ன சொன்னாய், அண்டா? டிரைவர் சீட்டிலிருந்து கண்டக்டர் யூனிஃபார்மைப் பார்த்தால் நீ இன்னும் வேகமாக மிதிப்பாயா? தெரியும். உன்னோடு ஒரு வாரம் ஓடியவன் யாரும் உனக்குக் கை காட்ட மாட்டான்.

அண்ணனுக்குப் பல் கிட்டிக்கொண்டது. விரல் நுனியில் உணர்ச்சி போய்விட்டது. அப்போதுதான் சத்தம் கேட்டது. கறக்... கறக்... கறக்... டயரில் சங்கிலி கட்டிய வண்டி, பனியைக் கடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வருகிறது. சின்ன லாரி. பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அவர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், நின்றது.

இரண்டு பேரும் ஓடினார்கள். அண்ணன் முன்னால் போய் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே லைட் இல்லை, முகம் தெரியவில்லை. ஒரு விரல் மட்டும் கண்ணாடியில் டக்கென்று தட்டி, பின்னால் போய் ஏறிக்கொள் என்று காட்டியது. பக்கத்து சீட் முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருந்தது மட்டும் நிழலாகத் தெரிந்தது. அண்ணன் கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அண்ணன் முதலில் ஏறினார். தார்ப்பாயை விலக்கி உள்ளே போய், மண்டி போட்டு, வெளியே கையை நீட்டினார். "குடு கைய" என்றார். ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. இழுத்தார். சுலபமாக மேலே வந்துவிட்டது. அவ்வளவு கனமே இல்லை. ஆள் உள்ளே வந்து உட்காருகிற அசைவு தெரிந்தது. அண்ணனின் கை பழக்கதோஷத்தில் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டியது. தட்... தட். ரைட். வண்டி கிளம்பிவிட்டது.

உள்ளே மையிருட்டு. ஈரச் சாக்கு வாசனை. அதோடு சேர்ந்து இன்னொரு வாசனை, ரொம்ப நாள் திறக்காத ஃப்ரீசரைத் திறந்தால் வருமே, அது. காலியான மரப்பெட்டிகள் வளைவுக்கு வளைவு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அண்ணன் கையை விடவில்லை. தோளோடு தோள் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாவம், பிள்ளையை நினைத்துப் பேச்சுக்கூட வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவரே பேசினார். பயத்தில் இருக்கிற பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்கிற மாதிரி.

"கவலப்படாத. இந்த லாரி நம்ம ஊர் வழியாத்தான் போகும். மார்க்கெட் முக்குல இறங்கிட்டா நம்ம தெரு. முன்கதவு வேணாம், பாப்பா தூங்கியிருந்தா முழிச்சுக்குவா. பின்னாடி படியேறி சமையக்கட்டுக் கதவத் தட்டுவோம். தங்கச்சி வந்து திறப்பா. நீ நேரா போய் பாப்பா பக்கத்துல படுத்துக்க. நீ தொட்டாலே அவளுக்குப் பாதி காய்ச்சல் போயிடும்."

"ம்" என்றது பக்கத்தில்.

தேய்க்கத் தேய்க்க அந்தக் கை சூடாகவே இல்லை. அண்ணனின் கைகள்தான் மரத்துக்கொண்டு வந்தன. மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை. அவர் ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார், "பை எங்க?"

பிடித்திருந்த கையை லேசாக உலுக்கினார்.

"பைய எடுத்தியா இல்லையா?"

அப்போது வெளியே... தூரத்தில்... சங்கிலிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல்.

"என்னங்க..."

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தினார். காற்றாக இருக்கும் என்று நினைத்தார். மறுபடி கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில்.

"என்னங்க... நிறுத்தச் சொல்லுங்க..."

முதல் கியரில் மலை இறங்குகிற லாரி எவ்வளவு வேகம் போகும்? ஆடு அதைவிட வேகமாக நடக்கும். அண்ணன் ஒரு கையால் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம் பனி மேல் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்துக்குள்ளே அண்ணி ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் கொடுத்த ஸ்வெட்டர். தோளில் பை. ஒரு காலில் ஷூ இல்லை. லாரியைப் பிடிக்க ஓடியபோது கல்லின் மேல் வைத்த பை ஞாபகம் வந்து, பாதியில் திரும்பி எடுக்கப் போயிருக்கிறார். அதற்குள் ரைட் கொடுத்தாகிவிட்டது.

அப்படியானால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது...

அண்ணன் தகரத்தைத் தட்டக் கையைத் தூக்கினார். ஒரு தட்டு, அதுதானே, நிறுத்து. கை தகரத்தைத் தொடவில்லை. மணிக்கட்டில் பிடி இறுகியது. இருட்டிலிருந்து அண்ணியின் குரல், அச்சு அசல் அதே குரல், காதோரம் மெதுவாகச் சொன்னது.

"பாக்காதீங்க. அது நான் இல்ல."

அண்ணன் விலக்கிய தார்ப்பாயை விடவில்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல். நின்னா எப்பப் போய்ச் சேர்றது?"

யோசித்துப் பாருங்கள். நாம் இங்கே கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டு யார் நிஜம், யார் பொய் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ராத்திரியில் மலை ரோட்டில் ஒற்றைக் காலில் ஷூவோடு லாரிக்குப் பின்னால் ஓடி வருகிற உருவத்தை நீங்கள் நம்புவீர்களா? கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவளை நம்புவீர்களா? தப்பாக முடிவு செய்தால் பெண்டாட்டியைப் பனியில் சாகவிட்டுவிட்டு எதையோ வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். அதுதான் அண்ணனை ஆட்டிவைத்தது. "பேய்க்குப் பயப்படலடா, தப்பாத் தேர்ந்தெடுத்துடுவேனோன்னுதான் பயந்தேன்" என்று தம்பியிடம் சொன்னாராம்.

வெளியே ஓடி வருகிற உருவத்தின் வாயிலிருந்து சிவப்பு வெளிச்சத்தில் புஸ் புஸ்ஸென்று ஆவி வந்துகொண்டிருந்தது. அண்ணன் பிடியில் சிக்காத கையை மெதுவாகத் தூக்கி, இருட்டில் பக்கத்தில் இருந்த முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். மூக்கு இருக்கிற இடம். வாய் இருக்கிற இடம். உள்ளங்கையில் மூச்சுக் காற்றே படவில்லை. அப்படியே வைத்திருந்தார். அப்போதும் அந்தக் குரல் பேசியது... காற்றே இல்லாமல்.

"கைய எடுங்க."

அண்ணன் காலைத் தூக்கித் தகரத்தில் ஓங்கி ஒரே ஒரு உதை விட்டார். தட்.

லாரி நின்றது. பிடி தளர்ந்ததா, அவர் பிய்த்துக்கொண்டாரா, அவருக்கே தெரியவில்லை. குதித்தார், விழுந்தார், எழுந்து ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டார். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு அழுதார், அடித்தார், திட்டினார்.

"பைய எடுத்துட்டு வர்றதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு? என்ன விட்டுட்டே போயிட்டீங்களே."

முகம் சூடாக இருந்தது. கண்ணீர் சூடாக இருந்தது. அண்ணனுக்கு அது போதும்.

லாரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் ஏறட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. அப்போது தார்ப்பாய்க்கு உள்ளே இருந்து சத்தம் வந்தது.

தட்... தட்.

அண்ணன் எப்படித் தட்டுவாரோ அப்படியே. முதல் தட்டு பலமாக, இரண்டாவது லேசாக.

லாரி கிளம்பிவிட்டது. கறக்... கறக்... சிவப்பு வெளிச்சம் வளைவில் திரும்பி அணைந்தது.

அண்ணி, "உள்ள யாரு?" என்று கேட்டார். "யாருமில்ல, பெட்டி ஆடியிருக்கும்" என்றார் அண்ணன். வேறு என்ன சொல்வது? அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. மார்க்கெட் முக்கு, தெரு, பின்படி, சமையற்கட்டுக் கதவு, பாப்பா படுத்திருக்கிற இடம்... வழி முழுக்கத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேகமா நட" என்று மட்டும் சொன்னார். தன் மப்ளரை அண்ணியின் வெறுங்காலில் சுற்றிக் கட்டிவிட்டு, இழுத்துக்கொண்டு நடந்தார். போன் எடுத்துப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்று தெரியாது. ஒரு பால் டேங்கர் வந்தது. டிரைவர் நல்ல மனுஷன், இரண்டு பேரையும் முன்னால் உட்காரவைத்து, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அண்ணனுக்கு டீ இறங்கவில்லை. "கொஞ்சம் வேகமாப் போங்க, புள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவருக்கே சலிப்பு வந்துவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட். கம்பு இறக்கி ரோட்டை அடைத்திருந்தார்கள். காவல்காரர் போர்வையோடு வந்து பூட்டைத் திறந்தார். அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கேட்டார், தார்ப்பாய் போட்ட சின்ன லாரி ஒன்று போனதா என்று.

"லாரியா? பனி அதிகம்னு, ஒரு காரும் ஜீப்பும் போனதுமே கம்ப இறக்கிப் பூட்டியாச்சு. இப்ப உங்களுக்குத்தான் முதல்ல திறக்குறேன். நடுவுல ஒரு ஈ, காக்கா போகல."

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். கிடையாது, ஒரே ரோடுதான்.

அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. லாரி போகவில்லை. மலையில் இருந்தது மலையிலேயே இருந்துவிட்டது. டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். டிரைவரிடம் ஏதோ ஜோக் கூட அடித்தார். அண்ணி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருடைய மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டே வந்தது. அதை உணர உணர அண்ணனுக்கு அழுகை வந்ததாம், சந்தோஷத்தில்.

ஊருக்கு வந்து சேரும்போது விடியத் தொடங்கியிருந்தது. டேங்கர் டிரைவர் மார்க்கெட் முக்கில் இறக்கிவிட்டார். அண்ணியால் வேகமாக நடக்க முடியவில்லை, கால் வீங்கியிருந்தது. "நீங்க முன்னாடி போங்க, பாப்பாவப் பாருங்க, நான் மெதுவா வந்துடுறேன்" என்றார். அண்ணன் ஓடினார். பின்படி ஏறினார். சமையற்கட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே அது திறந்தது. அண்ணனின் தங்கை. தூக்கம் இல்லாத கண்கள். முகத்தில் நிம்மதி. உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினாள்.

"மெதுவா, அண்ணே. அண்ணி இப்பத்தான் கண்ணசந்தாங்க."

அண்ணன் அப்படியே நின்றார். கீழே, படியில், அண்ணி ஒரு கால் ஊன்றி ஒரு கால் இழுத்து ஏறி வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ராத்திரியே வந்துட்டாங்க. உங்களக் கேட்டேன், பின்னாடி வர்றாருன்னு சொன்னாங்க. கைகால்கூடக் கழுவல, நேராப் போய் பாப்பாவ அணைச்சுப் படுத்துக்கிட்டாங்க."

தங்கை உள்ளறைக் கதவை லேசாகத் திறந்துவிட்டாள். உள்ளே இருட்டு. கட்டிலில் போர்வைக்குள் பெரிய மேடு ஒன்று, அதை ஒட்டிச் சின்ன மேடு ஒன்று.

"எப்படித் துடிச்சா தெரியுமா? அண்ணி கைய வெச்சதும் அழுகையெல்லாம் நின்னு போச்சு. அப்புறம் ஒரு முனகல்கூட இல்ல." தங்கை அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு, அண்ணே. நீங்களே தொட்டுப் பாருங்க... உடம்பெல்லாம் ஜில்லுன்னு இருக்கு."